ஸ்நேக் பிளான்ட் இலைத் துண்டு அழுகுதா, சுருங்குதா, சும்மா நிற்குதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இலையை வெட்டி மண்ணில் குத்தினால் ஸ்நேக் பிளான்ட் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். வரும்தான். ஆனால் குத்துவதற்கும் அடியிலிருந்து குட்டி, அதாவது புதுச் செடி, வருவதற்கும் நடுவில் மாதக்கணக்கில் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலத்தில்தான் சந்தேகம் வந்து, கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பிடுங்கிப் பார்த்து, இடம் மாற்றி, ஒழுங்காக இருந்த துண்டையும் பலர் கெடுத்துவிடுகிறார்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேர் இல்லாத துண்டால் பெரிதாகத் தண்ணீர் குடிக்க முடியாது. அது தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஈரத்திலும் மாவுச்சத்திலும்தான் பிழைக்கிறது, நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் வெட்டுவாயைச் சுற்றி நின்று ஊறவைப்பதைத் தவிர பெரிதாக வேறெதுவும் செய்வதில்லை. அதனால் பிரச்சினை எதுவானாலும் பார்க்க வேண்டிய இடம் அடிப்பாகம். இலையின் மேல்பக்கம் மஞ்சளாவது, சாய்வது எல்லாம் அனேகமாக தாமதமாக வந்து சேரும் செய்தி, கீழே நடந்து முடிந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

அடிப்பாகத்தைப் பார்க்க தினமும் பிடுங்க வேண்டாம். இலையை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது, விட்டுவிடலாம். வழுக்கிக்கொண்டு வந்தால் வந்தது வந்ததுதான், எடுத்துக் கையால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா? கீழே வரும் பாதி விஷயத்துக்கு இந்த ஒரு கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும்.

அடிப்பாகம் கொழகொழவென்று ஆகி, நாற்றம் வருகிறது

இது அழுகல். அதிகம் நடப்பதும் இதுதான். மஞ்சளோ பழுப்போ ஆகி, அழுத்தினால் நீர் கசிந்து, கெட்ட வாடை அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியா வேலை, அது சில நாளிலேயே வேகமாக மேலே ஏறும். வாடை இல்லாமல் மெதுவாகப் பழுப்பாகிப் போனால் பூஞ்சையாக இருக்கலாம். வீட்டில் செய்யப்போகும் வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே எது என்று கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடியில் பழுப்பாக, காய்ந்து, தக்கை மாதிரி கெட்டியாக இருந்தால் அது அழுகல் இல்லை. வெட்டுக்காயம் ஆறித் தோல் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அது நல்லது. அதைப் பார்த்துப் பயந்து திரும்ப வெட்டினால் காயம் மறுபடி முதலிலிருந்து ஆற வேண்டும்.

உண்மையிலேயே அழுகியிருந்தால் துண்டை வெளியே எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகல் தெரியும் எல்லையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே தள்ளி வெட்டுங்கள். வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளியோ கோடோ ஒன்று தெரிந்தாலும் கத்தியைத் திரும்பத் துடைத்து இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். துடைக்காமல் வெட்டினால் கிருமியை நீங்களே மேலே கொண்டுபோகிறீர்கள். கடைசியில் ஐந்து சென்டிமீட்டராவது நல்ல இலை மிஞ்சினால் மறுபடி முயற்சி செய்யலாம், அதற்குக் கீழே என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எந்தப் பக்கம் கீழே என்று மறக்காமல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்புறம் காயவைப்பது. இதில்தான் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். "ஒருநாள் வைத்தேனே" என்பார்கள். இலை தடிமனானது, உள்ளே நிறைய ஈரம், காற்றும் ஈரமாக இருந்தால் ஒருநாளில் எதுவும் ஆறாது. நிழலில், காற்று ஓடும் இடத்தில், இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை வைக்கலாம். வெட்டுவாயைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது, தோல் போல இறுகியிருக்க வேண்டும். ஒருமுறை அழுகி மீட்ட துண்டென்றால் முதல் தடவையை விட அதிக நாள் வையுங்கள். இத்தனை நாள் வெளியே கிடந்தால் செத்துவிடாதா என்று கேட்கலாம். சாகாது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சுவிடும்போது ஈரத்தையும் இழக்கும், இந்த வகைச் செடி இரவில்தான் திறக்கிறது, அதனால் ஈரம் மிகக் குறைவாகவே போகும். வேரே இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பட்டைத்தூள், கரித்தூள் தடவுவது பற்றி நிறையக் கேட்பீர்கள். தடவினால் பெரிதாகத் தப்பில்லை, ஆனால் வேலையைச் செய்வது காயவைப்பதுதான், தூள் இல்லை. ஈர வெட்டில் தூளைப் பூசி அன்றைக்கே நட்டால் அழுகத்தான் செய்யும்.

ஏன் அழுகியது என்று கண்டுபிடிக்காமல் திரும்ப நட்டால் இதே கதைதான். மண் கலவையைப் பாருங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டிருந்தால் அது இறுகிக் களியாகிவிடும். வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) என்றால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே விரலை விட்டால் சொதசொதவென்று இருக்கும். பாதி கோகோபீட், பாதி பெருமணலோ பெர்லைட்டோ (எடையில்லாத வெள்ளைக் குருணை) போதுமானது, வெறும் பெர்லைட்டிலும் வேர் பிடிக்கும். தொட்டி பெரிதாக இருந்தாலும் சிக்கல்தான், ஒரு சின்னத் துண்டைச் சுற்றி ஒரு வாளி மண் இருந்தால் அது காய்வதற்குள் அடிப்பாகம் போய்விடும். எட்டுப் பத்து சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் மூன்று நான்கு துண்டு தாராளமாக நிற்கும். அடியில் ஓட்டை கட்டாயம். எவ்வளவு ஆழம் நட்டீர்கள்? இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும், ஆடாமல் நிற்பதற்காகப் பாதி இலையைப் புதைத்தால் புதைத்த இடமெல்லாம் அழுகுவதற்கான இடம். ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு முட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, மற்ற செடித் துண்டுகளுக்குச் செய்வது போல மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது. மெல்லிய இலைச் செடிகளுக்கு அது சரி. இதற்கு வேண்டவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இலை சுருங்கி, நெடுக்கில் மடிந்து, கோடுகோடாகத் தெரிகிறது

பார்த்தவுடன் தண்ணீர்க் குவளையைத் தேடாதீர்கள். அடிப்பாகம் கெட்டியாக இருந்து வேரும் இன்னும் வரவில்லை என்றால் இந்தச் சுருக்கம் எதிர்பார்த்ததுதான். சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. வேர் வந்து குடிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் நிமிரும், முழுக்க நிமிராமலும் போகலாம், அதனால் நஷ்டமில்லை. வெயிலோ சூடான காற்றோ நேராகப் படும் இடத்தில் இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

இழுத்துப் பார்த்து வேர் பிடித்திருக்கிறது, மண் அடிவரை வறண்டு கிடக்கிறது, இலையும் சுருங்குகிறது என்றால் அது தாகம். ஓட்டை வழியாக வழியும் வரை ஒரு முறை நன்றாக ஊற்றி, வடியவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு ஸ்பூன் ஊற்றுகிற பழக்கம் எந்தக் கணக்கிலும் சேராது, மேல்மண் எப்போதும் ஈரம், அடிமண் எப்போதும் வறட்சி என்றாகிவிடும். மண் காய்ந்ததா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு மரக்குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள், மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுங்கள்.

சுருக்கமும் இருக்கிறது, அடிப்பாகமும் மெத்தென்று இருக்கிறது என்றால் மேலே அழுகலுக்குச் சொன்னதுதான். வெளியே தாகம் மாதிரித் தெரியும், உள்ளே நடப்பது நேர் எதிர். இந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித்தான் நிறைய துண்டு போகிறது.

இரண்டு மாதமாகியும் வேர் வரவில்லை, ஆனால் இலை பச்சையாகவே இருக்கிறது

சாதாரணமாக வேர் வர நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். குளிர் காலமென்றால் இன்னும் இழுக்கும். எனவே இரண்டு மாதம் என்பது பயப்பட வேண்டிய கட்டம் இல்லை, விசாரிக்க வேண்டிய கட்டம்.

முதல் சந்தேகம்: தலைகீழாக நட்டிருக்கிறீர்களா? ஒரே இலையை நான்கைந்து துண்டாக வெட்டும்போது எது மேல், எது கீழ் என்று கலந்துபோவது ரொம்பச் சாதாரணம். வேர் வரத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் இலைக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் நகரும், துண்டைத் திருப்பி வைத்தாலும் அது திசை மாறாது. அதனால் தலைகீழாக நட்ட துண்டு மாதக்கணக்கில் பச்சையாக நின்று ஏமாற்றும், வேர் மட்டும் விடாது. கலந்துபோயிருந்தால் தடிமனைப் பாருங்கள்: இலை அடிப்பக்கம் தடித்தும் குழிந்தும் இருக்கும், நுனியை நோக்கிப் போகப் போக மெலியும். இரண்டு முனையையும் விரலால் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். குறுக்குக் கோடுகளை வைத்துக் கண்டுபிடிக்க முயற்சிக்காதீர்கள், அது கணக்கில்லாமல் ஓடும். தலைகீழ் என்று உறுதியானால் சரியான முனையில் மெல்லியதாக ஒரு சீவு சீவி, காயவைத்து, திருப்பி நடுங்கள். இதற்காகவே சிலர் அடியில் தலைகீழ் V வடிவத்தில் வெட்டுவார்கள், அடையாளமும் ஆயிற்று, வேர் வர இடமும் கூடுதல் என்பது கணக்கு. எனக்கு நேராக வெட்டி ஒரு பேனாக் கோடு போடுவதுதான் பிடித்தது, வெட்டுவாய் பெரிதானால் ஆற வேண்டிய காயமும் பெரிது.

இரண்டாவது சூடு. 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இதற்குச் சுகம். 15-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட தூங்கிவிடும், 10-க்குக் கீழே இலையே பாதிக்கப்படும். குளிர் காலத்தில் நட்டு, "இரண்டு மாதமாயிற்று" என்று கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை, குளிர் போன பிறகுதான் கணக்கு ஆரம்பம். அதுவரை தண்ணீரைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது வெளிச்சம், அதைக் கீழே குட்டி பற்றிச் சொல்லும்போது விரிவாகப் பார்க்கலாம். நான்காவது நீங்கள்தான். வாரம் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தால் புதிதாக எட்டிப்பார்க்கும் வேர் முனை ஒவ்வொரு தடவையும் ஒடியும். லேசாக இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் மாதம் ஒன்றிரண்டு தடவை.

இலைத் தேர்வும் ஒரு காரணமாகலாம். நடுவில் புதிதாக வந்த இளசு, ஓரத்தில் அடிபட்டுக் கிழடான இலை இரண்டுமே வேண்டாம். முழுதாக வளர்ந்து, விறைப்பாக, கறையில்லாமல் இருப்பதை எடுங்கள். ரூட்டிங் ஹார்மோன் பவுடர் கொஞ்சம் உதவலாம், இல்லாவிட்டாலும் வேர் வரும். வெட்டுவாயை மூடும் அளவுக்கு அப்ப வேண்டாம், தொட்டுத் தட்டிவிட்டால் போதும்.

வேர் பிடித்துவிட்டது, குட்டி மட்டும் வரவில்லை

அதிகம் பேர் மனம் விட்டுப்போகிற கட்டம் இது, தூக்கியெறிவதும் இங்கேதான். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நட்ட இலை இனி வளராது. அதன் உயரம் கூடாது, வெட்டிய நுனி திரும்பக் கூராகாது. அது ஒரு செலவுக் கணக்கு மட்டும்தான். முதலில் அந்தச் செலவில் வேர் வருகிறது, வேர் வருவது ஒப்பீட்டளவில் சுலபம். அதற்கப்புறம் அடிப்பாகத்தில் புதிதாக ஒரு மொட்டு உருவாக வேண்டும், இலையில் ஏற்கெனவே மொட்டு எதுவும் ஒளிந்திருக்கவில்லை, காயம் ஆறிய இடத்துச் செல்களிலிருந்து முழுக்கப் புதிதாக உண்டாக்க வேண்டும். அந்த மொட்டு தடித்த கிழங்குத் தண்டாக மண்ணுக்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்து, அப்புறம்தான் மேலே முளைக்கும். ஆகவே நட்டதிலிருந்து மூன்று மாதத்தில் குட்டி தலைகாட்டினால் அதிர்ஷ்டம், ஆறு மாதம் சாதாரணம், அதற்கு மேலும் போகும்.

உள்ளே வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், மண் காய்ந்திருக்கும் ஒரு நாளில் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியோடு மொத்தமாக வெளியே எடுத்துப் பாருங்கள். இலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நூல் மாதிரி இருப்பவை வேர். அவற்றுக்கு நடுவில் வெளிர் நிறத்தில், தடித்து, கூர் முனையோடு ஒன்று தெரிந்தால் அதுதான் வரப்போகும் குட்டி. தெரியாவிட்டாலும் வேர் வெளுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் போதும், அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்த நேரத்தில் நீங்கள் உண்மையிலேயே மாற்றக்கூடிய ஒரே விஷயம் வெளிச்சம். "ஸ்நேக் பிளான்ட் இருட்டில்கூட இருக்கும்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், இருக்கும் என்பது சரி, வளரும் என்று அதற்கு அர்த்தமில்லை. பெரிய செடிக்கு வேரும் கிழங்கும் சேமிப்பாக இருக்கிறது, குறைந்த வெளிச்சத்தில் சும்மா இருந்துகொள்ளும். ஒற்றைத் துண்டு இலைக்கு வரவு என்று ஒன்று இருந்தால் அது வெளிச்சத்திலிருந்து மட்டும்தான், வரவைவிடச் செலவு அதிகமானால் மொட்டு உண்டாக்க மிச்சம் எதுவும் இருக்காது. அறையின் மூலையிலோ புத்தக அலமாரியிலோ இருந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். காலை இளவெயில் கொஞ்ச நேரம் படலாம், மதிய வெயில் நேராகப் படக்கூடாது. ஜன்னலே சரியில்லை என்றால் செடிக்கென்று விற்கும் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் போட்டுவிட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

உரம் போட்டால் வேகமாக வருமா என்றால் வராது. இந்தக் கட்டத்தில் அதன் தேவை மிகக் குறைவு, போடும் உப்பு பிஞ்சு வேரை எரிக்கும் வாய்ப்புதான் அதிகம். குட்டி வந்து அதற்கு இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு போதும்.

துண்டின் அளவும் இதில் பேசும். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய துண்டும் வேர் விடும், ஆனால் சேமிப்பு குறைவு, குட்டி வரும் முன்னே களைத்துப் போகலாம். எண்ணிக்கைக்கு ஆசைப்படாமல் ஏழெட்டு, பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுவது நல்லது. ஒரே ஒரு செடி போதும் என்றால் முழு இலையையே வெட்டாமல் நட்டுவிடலாம்.

குட்டி வந்தது, ஆனால் மஞ்சள் ஓரம் இல்லாமல் வெறும் பச்சையாக வந்திருக்கிறது

இதற்கு மருந்து கிடையாது. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவும் இல்லை.

மஞ்சள் ஓரம் உள்ள லாரன்டி வகையின் இலை இரண்டு விதமான செல்களால் ஆனது: நடுவில் பச்சையம் உள்ளவை, ஓரத்தில் அது இல்லாதவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டு இருப்பதால்தான் அந்த ஓரம் தெரிகிறது. இலைத் துண்டிலிருந்து வரும் மொட்டு புதிதாகத் தொடங்குகிறது, அந்த அடுக்கு அதற்குள் அப்படியே வராது, பச்சைச் செல்களிலிருந்து தொடங்கிப் பச்சைச் செடியாக வருகிறது. வெளிச்சம் கூட்டினாலும் உரம் போட்டாலும் ஓரம் திரும்பாது. பச்சைக் குட்டியும் நல்ல செடிதான், வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரம் வேண்டுமென்றால் பிரித்து நடுவது ஒன்றே வழி. தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, கிழங்குத் தண்டு இரண்டு இலைக்கொத்துகளை இணைக்கும் இடத்தில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் வேர் இருக்க வேண்டும். வெட்டுவாயை ஒன்றிரண்டு நாள் காயவிட்டு நடுங்கள், மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலையும் மிச்சம். ஓரமில்லாத, கரும்பச்சைக் குறுக்குக் கோடு மட்டும் உள்ள சாதாரண வகைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, இலைத் துண்டிலிருந்தும் தாயைப் போலவே வரும்.

செடி வாங்கும்போது ஒரு சீட்டில் சான்செவீரியா என்றும் இன்னொன்றில் டிரசீனா டிரைஃபாசியாட்டா என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், சான்செவீரியாவை டிரசீனா பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டும் ஒரே செடிதான்.

தண்ணீரில் வைத்த துண்டு வழவழவென்று ஆகிறது, தண்ணீர் கலங்குகிறது

அனேகமாக நிறைய மூழ்கியிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் மூழ்கினால் போதும். வெட்டியவுடன் தண்ணீரில் போட்டிருந்தாலும் இப்படி ஆகும், தண்ணீரில் வைப்பதாக இருந்தாலும் முதலில் காயவைக்கத்தான் வேண்டும். வழவழப்பு வெறும் படலமாக இருந்து அடியில் இலை கெட்டியாக இருந்தால் ஓடும் தண்ணீரில் விரலால் கழுவி, பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது. பாத்திரத்தில் பச்சைப் பாசி பிடித்தால் வெளிச்சம் புகாத பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அல்லது கண்ணாடியைச் சுற்றி ஒரு காகிதம் ஒட்டுங்கள். பாசி துண்டைக் கொல்லாது, பார்க்கத்தான் அசிங்கம்.

தண்ணீரில் நன்றாக வேர் விட்டது, மண்ணுக்கு மாற்றியதும் போய்விட்டது என்பது அடுத்த புகார். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணில் ஈரம் தேடிப் பழகாதது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளம் வளரவிட்டு மாற்றினால் அந்த வேரில் பெரும்பகுதி வீணாகும், மண்ணில் செத்து அதுவே அழுகலைக் கொண்டுவரும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் மாற்றிவிடுங்கள், முதல் இரண்டு மூன்று வாரம் மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, பிறகு மெல்ல மெல்லக் காயவிடும் வழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வேர் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் நேராக மண்ணிலேயே நடுவது இந்த ஒரு சிக்கலை மிச்சப்படுத்தும்.

வெள்ளையாக ஏதோ இருக்கிறது

எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மண்ணின் மேலே நூல்போலவோ பஞ்சுபோலவோ படர்ந்திருந்தால் பூஞ்சை, ஈரம் அதிகம், காற்று குறைவு. மேல்மண்ணைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து, தண்ணீரைத் தள்ளிப்போடுங்கள். தொட்டி விளிம்பில் சொரசொரவென்று இருந்தால் தண்ணீரில் உள்ள உப்பு, துடைத்தால் போதும். இலையிலோ, இலையும் மண்ணும் சேரும் இடுக்கிலோ பஞ்சு உருண்டை மாதிரி இருந்து, இலை பிசுபிசுவென்று ஒட்டினால் மாவுப்பூச்சி. அதுதான் கவனிக்க வேண்டியது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், முட்டை தப்பியிருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை என்று ஒரு மாதமாவது தொடருங்கள், மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்புப் பூச்சி பறக்கிறது

ஃபங்கஸ் நாட் எனப்படும் ஈரமண் பூச்சி. பறப்பது தொல்லை மட்டும்தான், மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு பிஞ்சு வேரைக் கடிக்கும் என்பதால் துண்டுகளுக்குக் கொஞ்சம் ஆபத்து. மேல்மண் மூன்று நான்கு சென்டிமீட்டர் நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் புழு தாங்காது. பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. முட்டையிலிருந்து பூச்சியாக மாற மூன்று நான்கு வாரம் ஆகும், ஆகவே இரண்டு நாளில் குறைந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

மேல் வெட்டுவாய் பழுப்பாகிறது, இலையில் வெளுத்த திட்டு

மேல் வெட்டுவாய் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழுவது காயம் ஆறியதன் அடையாளம், விடுங்கள். அழகுக்காகத் திரும்பத் திரும்ப நறுக்கினால் ஒவ்வொரு முறையும் புதுக் கோடு வரும், இலைதான் குட்டையாகிக்கொண்டே போகும். அந்தப் பழுப்பு ஈரமாக, கீழே இறங்கிக்கொண்டே வந்தால் மட்டும் நல்ல பகுதிவரை வெட்டுங்கள்.

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தால் வெயில் சுட்டிருக்கிறது, திட்டு மறையாது, இடம் மாற்றினால் பரவாது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஈரத் திட்டு குளிரால் வருவது, ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தால் உள்ளே நகர்த்துங்கள்.

வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பிக் காயவைப்பவர்கள் வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

குட்டி வந்த பிறகு தாய் இலை மஞ்சளாகிறது

வேலை முடிந்து ஓய்கிறது, நல்லதுதான். அதற்காக வெட்டிவிட அவசரப்படாதீர்கள். பச்சை இருக்கும்வரை குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், முழுக்கக் காய்ந்ததும் தானாகவே கையோடு வந்துவிடும். மஞ்சளோடு அடிப்பாகமும் மெத்தென்று ஆகி நாறினால் மட்டும் விஷயம் வேறு, உடனே எடுத்துக் குட்டியை அதன் சொந்த வேரோடு பிரித்துவிடுங்கள்.

குட்டி மெலிந்து, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீள்கிறதா? வெளிச்சம் போதவில்லை. ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கிப்போகாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். ஏற்கெனவே நீண்ட இலை திருந்தாது, அடுத்து வருவது விறைப்பாக வரும்.

பிரிக்க எப்போது என்றால், குட்டிக்கு மூன்று இலையாவது வந்து, பத்து சென்டிமீட்டராவது உயர்ந்து, தனக்கென்று வேர் விட்டிருக்க வேண்டும். மண்ணைக் கொட்டிப் பார்த்து வேர் எல்லாம் தாய் இலையிலிருந்தே தொங்கினால் இன்னும் சில மாதம் சேர்த்தே வையுங்கள். பிரித்த பிறகு தாய் இலை கெட்டியாகவும் பச்சையாகவும் இருக்கிறது என்றால் தூக்கி எறிய வேண்டாம், வேரோடு அதே தொட்டியில் திரும்ப நட்டுவிடுங்கள், அதே துண்டு இன்னொரு குட்டியும் தரும்.